பதவியை மறுத்த தந்தை



'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் திரைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1965-ல் வெளிவந்த அப்படத்தில், விசில் ஊதித் தன் பிள்ளைகளைப் படைவீரர்களைப்போல் நடத்தும் கண்டிப்பான கேப்டன் ஒருவர் வருகிறார். உண்மையில் வாழ்ந்த கேப்டன் கியோர்க் ஃபோன் ட்ராப் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் கனிவான தந்தை என்றே அவருடைய பிள்ளைகள் பிற்காலத்தில் எழுதியும் பேசியும் வந்தார்கள். விசில் இருந்தது உண்மைதான். பெரிய வீட்டிலும் தோட்டத்திலும் விளையாடும் பிள்ளைகளை அழைக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஓசை வைத்திருந்தார். அவ்வளவே.

1880-ல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஜாரா துறைமுக நகரில், கடற்படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார் கியோர்க். பதினான்கு வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவராகப் பெரும் புகழ் பெற்றார். 1915 ஏப்ரலில் அவர் மூழ்கடித்த பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு ஏறக்குறைய 680 பேர் மாண்டனர். நாடு அவரை வீரர் என்று கொண்டாடியது. ஆனால் போரின் வெற்றி எத்தனை வீடுகளின் கண்ணீர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1918-ல் பேரரசு சிதைந்தது. ஆஸ்திரியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. கடலே வாழ்வு என்றிருந்தவர் 38 வயதில் ஓய்வுபெற்ற அதிகாரியானார். 1922-ல் அன்பு மனைவி அகாத்தே காய்ச்சலால் இறந்தார். தாயற்ற ஏழு பிள்ளைகளோடு தனித்து நின்றார் கியோர்க். பின்னர் சால்ஸ்பர்க் நகருக்கு அருகே குடியேறினார். நோயுற்றுத் தேறிவந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, நோன்பெர்க் துறவு மடத்திலிருந்து மரியா என்னும் இளம்பெண் 1926-ல் வந்தார். மறு ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். மேலும் மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.

1930-களில் அவர்கள் பணம் வைத்திருந்த வங்கி முறிந்தது. செல்வம் போயிற்று. பணியாட்களை அனுப்பிவிட்டுக் குடும்பத்தாரே வீட்டு வேலைகளைச் செய்தனர். அறைகளை வாடகைக்கு விட்டனர். அவ்வாறு வந்து சேர்ந்த அருட்தந்தை ஃபிரான்ஸ் வாஸ்னர் வீட்டில் திருப்பலி நிறைவேற்றியதோடு, பிள்ளைகளின் பாடலையும் செம்மைப்படுத்தினார். தம் குடும்பம் மேடையேறிப் பாடுவது அந்தப் பிரபுவுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அதை ஏற்றுக்கொண்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. இழந்த கடல் இப்போது மீண்டும் அவரைத் தேடி வந்தது. ஜெர்மானியக் கடற்படையில் பதவி தர முன்வந்தார்கள். மருத்துவரான மூத்த மகனுக்கும் வேலை காத்திருந்தது. ஹிட்லரின் பிறந்தநாளில் பாடவும் அழைப்பு வந்தது. வறுமையில் இருந்த அக்குடும்பத்திற்கு இவை எத்தகைய சோதனை! மூன்றையும் மறுத்தார்கள். மறுத்தபின் அங்கே வாழ இயலாது என்பதும் தெரியும். கருவுற்றிருந்த மனைவியோடும் ஒன்பது பிள்ளைகளோடும் வீட்டையும் நாட்டையும் விட்டுப் புறப்பட்டார் கியோர்க். திரைப்படத்தில் காட்டியதுபோல் மலையேறி அல்ல, இரயிலேறி இத்தாலிக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்னும் ஊரில் பண்ணை ஒன்றை வாங்கி உழைத்தார்கள். 1947 மே 30 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்த கியோர்க், அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக என்று சொல்லித்தானே நாம் பல வேளைகளில் மனசாட்சியோடு சமரசம் செய்துகொள்கிறோம்? கையூட்டுக் கொடுக்கிறோம், அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்கிறோம். பத்துப் பிள்ளைகளின் தந்தையான கியோர்க்குக்கும் அந்தக் காரணம் இருந்தது. அவரோ, பிள்ளைகளுக்காகவே அதை மறுத்தார். வீடு, பணம், பதவி இவற்றைவிட மேலான ஒன்றை அவர் அவர்களுக்கு விட்டுச்சென்றார். தீமைக்குத் தலைவணங்காத தந்தை ஒருவரின் நினைவை விட்டுச்சென்றார். நம் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சேர்த்து வைக்கிறோம்? இன்றிரவு குடும்ப செபத்தில் சற்றே சிந்திப்போம்.