ஆரைக்கீரையை ஆராய்ந்த அசீமா அம்மா

வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நாலு இலை விரித்து நிற்குமே ஆரைக்கீரை, அதை நம்ம பள்ளியில் பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. அந்தக் கீரையை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோன விஞ்ஞானி அசீமா சாட்டர்ஜி.

இவர் 1917 செப்டம்பர் 23-ல் கல்கத்தாவில் பிறந்தார். அப்பா டாக்டர். அவருக்குச் செடிகொடிகள் என்றால் உயிர். அந்த ஆசை மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பெண்கள் வேதியியல் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம். ஆனாலும் 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். 1947-ல் சின்னக் குழந்தையோடு அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார்.

நம் மூளையில் நரம்பு செல்களைத் தூண்டும் பொருளும் உண்டு, அடக்கும் பொருளும் உண்டு. சைக்கிளுக்குப் பெடலும் பிரேக்கும் மாதிரி! அடக்கும் பொருளில் முக்கியமானது காபா. பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் நிறைய செல்கள் ஒரே சமயத்தில் துடிக்கும். அதுதான் வலிப்பு. வீண் பயம், பதற்றம், தூக்கமின்மை இவற்றிலும் இந்த பிரேக்குக்குப் பங்கு உண்டு.

ஆரைக்கீரையைத் தூக்கத்துக்கும் வலிப்புக்கும் வைத்தியர்கள் முன்பே கொடுத்து வந்தாங்க. அசீமா அம்மா அதை அப்படியே நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. சோதித்துப் பார்த்தார். ஆரைக்கீரை, சடாமாஞ்சில் இரண்டையும் சேர்த்து ஆயுஷ்-56 என்ற வலிப்பு மருந்து உருவானது.

1967-ல் அப்பாவையும் கணவரையும் சில மாத இடைவெளியில் இழந்தார். உடம்பும் கெட்டது. தேறியதும் மறுபடி ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் போனார். 1975-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவரும் இவரே. 2006 நவம்பர் 22-ல் மறைந்தார்.

தோழிகளே, போன வருஷம் பிரேயரில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தப்போ எல்லோரும் ஓடினோம். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிச்சாங்க. அப்புறம் அவள் பக்கத்தில் உட்காரவே பயந்தோம். நானும் அன்னைக்கு ஓடியவள்தான். வலிப்பு பேயும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. சாவியால் நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.

இதைப் படிச்சிட்டு யாரும் கீரையைப் பறிச்சு மருந்தாகத் தின்னாதீங்க, டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. அந்தத் தோழி இப்போ என் பெஞ்சில்தான் உட்கார்கிறாள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி