மூளையின் வழியறிந்த மேதை தாமஸ் வில்லிஸ்

தம் பெயரை ஊருக்கும் தெருவுக்கும் விட்டுச் சென்ற பெரியோர் பலர். ஆனால், மனிதரின் தலைக்குள்ளேயே தம் பெயரை விட்டுச் சென்றவர் ஒருவர் உண்டு. அவரே ஆங்கில நாட்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ். நம் மூளையின் அடிப்புறத்தில் இரத்தக் குழாய்கள் கூடி அமைந்துள்ள வளையத்தை உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் 'வில்லிஸ் வளையம்' என்றே அழைக்கின்றனர். அப்பெருமகனாரின் வாழ்வைச் சற்றே காண்போம்.

வில்லிஸ் 1621ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள கிரேட் பெட்வின் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபொழுது, அங்கிருந்த குருவானவர் ஒருவரின் இல்லத்தில் பணிவிடை செய்துகொண்டே கல்வி பயின்றார். அவ்வீட்டு அம்மையார் மருந்து தயாரிப்பதில் கைதேர்ந்தவர். பலருடைய நோய்களைக் குணப்படுத்தியவர். அவருக்கு மருந்து இடித்தும் கலந்தும் கொடுத்தபொழுதுதான் வில்லிஸின் மனத்தில் மருத்துவ ஆர்வம் வேரூன்றியது. பெரும் புகழ் பெற்ற மருத்துவரை உருவாக்கியதில் ஒரு பெண்மணிக்கும் பங்குண்டு என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை தருவதன்றோ!

அக்காலத்தில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. வில்லிஸ் மன்னரின் படையில் பணியாற்றினார். 1646இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் அவரை நாடி வந்தோர் சிலரே. ஆகவே சுற்றுப்புறச் சந்தைகளுக்குத் தாமே சென்று ஏழை எளியோருக்கு மருத்துவம் பார்த்தார். நோயாளி என்ன சொன்னார், நோய் எவ்வாறு தொடங்கியது, மருந்துக்குப் பின் என்ன நிகழ்ந்தது என யாவற்றையும் குறித்து வைத்தார். 1650 முதல் 1652 வரை அவர் எழுதிய குறிப்பேடு இன்றளவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

கூர்ந்து நோக்கும் இப்பண்பு ஓர் உயிரையே காத்தது. 1650ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், ஆன் கிரீன் என்னும் 22 வயதுப் பணிப்பெண், கொலைக் குற்றம் சாட்டப்பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்டாள். அவளது உடல் மருத்துவர்களின் ஆராய்ச்சிக்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. பெட்டியைத் திறந்தபொழுது தொண்டையில் மெல்லிய ஒலி கேட்டது. வில்லிஸும் அவர் நண்பர் வில்லியம் பெட்டியும் கத்தியை வைத்துவிட்டுக் கை கால்களைத் தேய்த்து, சூடான பானம் புகட்டி, உடல் குளிராதபடி காத்தனர். அவள் கண் விழித்தாள், பேசினாள், முழு நலம் பெற்றாள். அவளுக்கு மன்னிப்பும் வழங்கப்பட்டது. பின்னர் மணம் புரிந்து மூன்று குழந்தைகளுக்குத் தாயானாள். இறந்தாள் என்று எல்லோரும் கைவிட்ட ஏழைப் பெண்ணிடம் உயிர் இருக்குமோ என்று பார்க்கத் தோன்றியதே, அதுவன்றோ மருத்துவரின் மாண்பு!

1660இல் வில்லிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். மூளையைப் பற்றி அந்நாளில் தெளிவான அறிவு இல்லை. நன்றாக நடமாடியவர் திடீரென வாய் கோணி, கை கால் விழுந்து படுக்கையில் சாய்வது ஏன் என்பது பெரும் புதிராகவே இருந்தது. சிலருக்கு மூளையில் இரத்தம் கசிவதே காரணம் என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்ஃபர் 1658இல் எழுதியிருந்தார். வில்லிஸ் அவ்வழியில் மேலும் சென்றார். உயிருடன் இருந்தபொழுது தாம் கவனித்த நோயாளி இறந்தால், அவர் உடலையும் ஆராய்ந்து, முன்பு கண்ட குறிகளோடு ஒப்பிட்டார். இதுவே அவர் ஆராய்ச்சியின் உயிர்நாடி.

ஒரு முறை, வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தார். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் வலக் கழுத்துத் தமனி கல்லைப் போல் இறுகி, ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது. அப்படியிருந்தும் அம்மனிதருக்குப் பக்கவாதம் வரவில்லை! வேறொருவராயின் இதைக் கண்டு வியந்துவிட்டுப் போயிருப்பார். வில்லிஸோ காரணத்தைத் தேடினார். அதே பக்கத்தில், கழுத்தெலும்பு வழியாக மூளைக்குச் செல்லும் மற்றொரு தமனி, தன் இணையைவிட மூன்று மடங்கு பருத்திருந்தது. அடைபட்ட வழிக்கு ஈடாக வேறு வழியில் இரத்தம் சென்றிருக்கிறது! வேறு ஆய்வுகளில், ஒரு கழுத்துத் தமனியில் நிறமூட்டிய நீரைச் செலுத்தியபொழுது, அது மூளை முழுவதும் பரவுவதையும் கண்டார்.

நான்கு வாய்க்கால்கள் ஒரு குளத்தில் வந்து கலக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தூர்ந்து போனாலும் மற்ற மூன்றும் குளத்தை வற்றவிடா. அவ்வாறே நான்கு தமனிகளின் இரத்தமும் மூளையின் அடியில் உள்ள வளையத்தில் கூடுகிறது. இவ்வளையத்தை வேறு அறிஞர்களும் முன்பே கண்டிருந்தனர். ஆயினும் அதன் பயனை விளக்கிய பெருமை வில்லிஸையே சாரும். 1664இல் வெளிவந்த 'மூளையின் உடற்கூறு' என்னும் இலத்தீன் நூலில் இவற்றை எழுதினார். அந்நூலுக்குப் படம் வரைந்தவர், பின்னாளில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென். உடன் உழைத்தவர் ரிச்சர்டு லோவர். நண்பர்களின் உதவியை வில்லிஸ் மறைக்கவில்லை. நூலின் முன்னுரையிலேயே நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

பின்னர் இலண்டனில் குடியேறிப் பெரும் புகழும் செல்வமும் பெற்றார். ஆனாலும் ஞாயிறுதோறும் கிடைத்த வருவாயை ஏழைகளுக்கே அளித்தார். வேலையாட்களுக்குப் பகலில் ஆலயம் செல்ல நேரம் இராது என்பதை உணர்ந்து, அதிகாலையிலும் இரவிலும் அவர்களுக்கெனச் செபம் நடைபெறப் பொருள் ஒதுக்கி வைத்தார். 1675ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் நுரையீரல் நோயால் உயிர் நீத்தார். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. 1927இல் போர்ச்சுகல் மருத்துவர் ஈகாஸ் மோனிஸ், உயிருள்ள மனிதரின் மூளை இரத்தக் குழாய்களை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை என்பதும், அதன் கிளைகளில் குமிழ் போல் வீங்கி வெடிப்பதால் இரத்தக் கசிவு உண்டாகலாம் என்பதும் இன்று தெரிந்தவை. அடைப்பால் வரும் பக்கவாதத்திற்கு, முதல் சில மணி நேரத்திற்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் நன்மை உண்டு என்பதை 1995இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது.

ஆனால் அந்தச் சில மணி நேரம் இருப்பது மருத்துவர் கையில் அன்று; வீட்டிலுள்ள நம் கையில். தாத்தாவின் வாய் கோணினாலோ, பாட்டியின் கை தளர்ந்து பேச்சுக் குழறினாலோ, காற்றுப் பட்டது என்று எண்ணெய் தேய்த்துக் காலத்தைக் கழிக்கலாகாது. அடைப்பா, கசிவா என்பதைப் படம் எடுத்துத்தான் அறிய முடியும். ஆகவே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தோழியரே! வில்லிஸ் கண்ட அந்த வளையம் நம் தலைக்குள் ஓசையின்றித் தன் கடமையைச் செய்துவருகிறது. கைவிடப்பட்டவரிடத்தும் உயிரைத் தேடிய அவர் கண்களும், ஏழைக்கு இரங்கிய அவர் நெஞ்சமும் நமக்கும் வாய்க்கட்டும். நன்கு கற்போம், உற்று நோக்குவோம், உயிர் காப்போம்!