ஈயத்தில் வாழும் கையெழுத்து

கவிஞன் மறைந்த பின்னும் கவிதை வாழ்வதை நாம் அறிவோம். எழுதிய கை மறைந்த பின்னும் அக்கையின் நெளிவும் சாய்வும் வாழ்தல் கூடுமோ? கூடும் என்பதற்குச் சான்றானவர் இத்தாலி நாட்டு எழுத்தர் லுடோவிகோ அர்ரிகி.

விசென்சா நகரை அடுத்த கொர்னேதோ அவரது ஊர். அதனால் விசெந்தினோ என்றும் அழைக்கப்பெற்றார். 1510ஆம் ஆண்டு டிசம்பரில், ரோம் நகரில் அவர் முயற்சியால் அச்சேறிய நூல் வர்த்தேமாவின் பயண வரலாறு. கள்ளிக்கோட்டையையும் சோழமண்டலக் கரையையும் ஐரோப்பியருக்கு எடுத்துரைத்த அந்நூலில் அவர் பெயர் இடம்பெற்றிருப்பது நமக்கு உவகை தருவதாகும்.

பின்னர் அவர் போப்பாண்டவரின் திருமுகங்களை எழுதும் எழுத்தரானார். அங்கு வழங்கிய கையெழுத்து, வலப்புறம் சற்றே சாய்ந்து, தட்டை முனை இறகுப் பேனாவால் விரைந்து எழுதப்படுவது. அதனைப் பிறரும் தாமே பயிலும் வண்ணம் அவர் படைத்த சிறுநூல் லா ஒபெரீனா. 1522 என்னும் ஆண்டைத் தாங்கிய அந்நூல் 32 பக்கங்களே உடையது. இருவகைத் தொடக்கக் கோடுகளிலிருந்து எழுத்துகள் பிறக்கும் முறையை அது விளக்குகிறது. பக்கங்களை மரக்கட்டையில் செதுக்கியவர் உகோ தா கார்ப்பி. எனினும், உயிருள்ள கையை அச்சு முழுமையாகக் காட்டவல்லதன்று என்று அந்நூலிலேயே அர்ரிகி பொறுத்தருள வேண்டினார்.

அக்குறையே அவரது எஞ்சிய வாழ்வின் பணியாயிற்று எனலாம். 1524ஆம் ஆண்டு, பெருஜியாவைச் சேர்ந்த பொற்கொல்லர் லவுதீசியோவுடன் கூடி ரோமில் அச்சகம் நிறுவினார். 1501இல் வெனிசில் ஆல்துஸ் மனூசியோ வழங்கிய சாய்வெழுத்து சிறியது, நெருக்கமானது. அர்ரிகியின் ஈய எழுத்தோ அகன்று, தலைக்கோடுகள் உயர்ந்து வளைந்து, எழுதுகோலின் நடையை நினைவூட்டுவது. இத்தாலிய மொழியின் ஒலிகளை வேறுபடுத்திக் காட்டக் கிரேக்க எழுத்துகளைச் சேர்க்க விழைந்த கவிஞர் திரிசினோவுக்கும் அவரே அச்செழுத்து அமைத்துத் தந்தார். மொழியின் தேவையறிந்து கலைஞனும் கவிஞனும் கைகோத்த நிகழ்ச்சி அது.

1527ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், பேரரசர் ஐந்தாம் சார்லசின் படைகள் ரோம் நகருள் புகுந்து சூறையாடின. அதன்பின் அர்ரிகியைப் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. அவ்வழிவில் அவரும் மாண்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து.

எழுத்து மாளவில்லை. அவர் வகுத்த வடிவம் ரோம் நகர அச்சாளர் அந்தோனியோ பிளாதோவின் நூல்களில் தொடர்ந்தது. 1925இல் பிரெடெரிக் வார்டு அதனைப் புதுப்பித்து அர்ரிகி என்றே பெயரிட்டார். 1979இல் ஹெர்மன் சாப் படைத்த சான்சரி எழுத்துருவும் அக்கையெழுத்து மரபின் வழிவந்ததே. நூல் முகப்பிலும் அழைப்பிதழிலும் அத்தகு சாய்வெழுத்தைக் காணுந்தோறும், அச்சால் காட்ட இயலாதென்று அவர் வருந்திய கையின் அசைவையன்றோ காண்கிறோம்! கையெழுத்துப் படியிலேயே கவிதையை முதலில் காணும் நம் வட்டத்தார், அக்கைக்கு ஒரு வணக்கம் கூறுதல் தகும்.