முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினராகப் பொறுப்பேற்ற முதல் பெண்களுள் ஒருவர். தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சென்னை மாகாண சட்டமன்றத்தில் போராடியவர். அடையாறில் ஔவை இல்லத்தையும், தென்னிந்தியாவின் முக்கியமான புற்றுநோய் ஆய்வு நிறுவனமான அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் நிறுவியவர். 1956 ஆம் ஆண்டில் பத்ம பூசண் விருது பெற்றார்.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமத்தானத்தில் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். தந்தை புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் முதல்வர். தாய் தேவதாசி மரபினர் எனப்பட்ட இசைவேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். இத்திருமணத்தால் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தனர். தாய்வழி உறவினருடன் முத்துலட்சுமிக்கு நெருக்கம் மிகுதி. பின்னாளில் அவர் சட்டமன்றத்தில் எந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசினாரோ, அதன் துன்பத்தை வீட்டுக்குள்ளேயே அறிந்திருந்தார் என்பதை அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நின்றது. ஆயினும் தந்தை வீட்டிலேயே பாடம் கற்பித்தார். மெட்ரிகுலேசன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி வெற்றி பெற்றார். அதன்பின் மகாராசா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. அது ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று சிலர் வாதிட்டனர். தாயின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கியதோடு கல்வி உதவித்தொகையும் அளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார்.

மருத்துவக் கல்வி

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார்.

இவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று சில இடங்களில் எழுதுவது பிழையாகும். ஆனந்திபாய் சோசி 1886 இல், அதாவது முத்துலட்சுமி பிறந்த ஆண்டிலேயே, அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். கல்கத்தாவின் காதம்பினி கங்குலியும் அதே காலத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1870களிலேயே பெண்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆயினும் இவர் காலத்திலும் அங்கு இந்தியப் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தனர்.

1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாக இருத்தல் கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். சுந்தர ரெட்டி அவற்றை ஏற்றுக்கொண்டார். இவர்களுக்கு இராம்மோகன், கிருட்டிணமூர்த்தி என்று இரு மகன்கள் பிறந்தனர். திரைப்பட நடிகர் செமினி கணேசன் முத்துலட்சுமியின் நெருங்கிய உறவினர்.

தங்கையின் மரணம்

1923 ஆம் ஆண்டில் முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். மலக்குடலில் தோன்றிய அப்புற்றை மருத்துவர்கள் முதலில் சீதபேதி என்று தவறாகக் கணித்துச் சிகிச்சை அளித்து வந்தனர். உண்மை தெரியவந்தபோது நோய் முற்றியிருந்தது. தாமே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாமற் போனது அவரைப் பெரிதும் பாதித்தது. மலக்குடற் புற்றின் தொடக்க நிலையில் காணப்படும் குருதிக்கசிவும் வயிற்றுப்போக்கும் சீதபேதியின் அறிகுறிகளை ஒத்திருப்பதால் இத்தகைய தவறு எளிதில் நேரக்கூடியது. திசு ஆய்வு செய்து பார்த்தால் மட்டுமே உறுதிப்படுத்த இயலும். அதற்கான சிறப்பு மருத்துவமனை எதுவும் அன்று தென்னிந்தியாவில் இல்லை.

1925 இல் அரசு உதவித்தொகை பெற்று, மகளிர், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் (பின்னாளில் ராயல் மார்சுடன் எனப் பெயர் மாறியது) பார்வையிட்டார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும் என்பதை அங்கு நேரில் கண்டது, இந்தியாவிலும் அத்தகைய மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் உறுதிப்படுத்தியது. எனினும் அவ்வெண்ணம் செயலாவதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிடித்தன. 1926 இல் பாரிசில் நடந்த பன்னாட்டுப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் கலந்துகொண்டு நாடு திரும்பினார்.

சட்டமன்றத்தில்

1917 இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்சு, டோரதி சினராசதாசா ஆகியோர் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், மகளிருக்குச் சட்டமன்ற இடம் வேண்டிப் போராடி வந்தது. 1926 தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாய் சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அதன் பின்னர் முத்துலட்சுமி சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். தொடக்கத்தில் அவருக்கு இதில் தயக்கம் இருந்தது. மருத்துவத் தொழில் பாதிக்கப்படும் என்று அஞ்சினார். 1927 இல் சட்டமன்றத் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பள்ளி மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை, பாலியல் வணிகத் தடுப்பு முதலியவற்றுக்காக இவர் சட்டமன்றத்தில் பேசினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்றும் வற்புறுத்தினார். முசுலிம் மாணவியருக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவியருக்கும் விடுதி வசதி கிடைக்கப் பாடுபட்டார். இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஆர்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

இவற்றுள் மிகப் பெரிய போராட்டம் தேவதாசி முறை ஒழிப்பு. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்ய அரசை வலியுறுத்தி 1927 இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929 இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், கோயில் பணிக்காகத் தேவதாசியருக்கு அளிக்கப்பட்டிருந்த இனாம் நிலங்களை அப்பணியிலிருந்து விடுவித்தது. நிலத்தை இழக்க நேரும் என்பதற்காகவே பல குடும்பங்கள் இவ்வழக்கத்தைத் தொடர்ந்து வந்ததால் இத்திருத்தம் முக்கியமானது. பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மசோதாவை 1930 இல் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்து வந்தது. காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி இதனை எதிர்த்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசியர் பலர், தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அரசுக்கு முறையிட்டனர். அவர்களின் அச்சம் முற்றிலும் பொருளற்றது என்று கூற இயலாது. சட்டத்தின் பின் சதிரும் அதன் கலைஞர்களும் அடைந்த நிலை குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உள்ளது. மறுபக்கம், அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஒழிப்புக்கு ஆதரவு திரட்டினார். பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் துணை நின்றது.

உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி 1930 மே மாதம் காந்தி கைது செய்யப்பட்டபோது, அதனைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டமன்றப் பதவியிலிருந்து விலகினார். இதனால் மசோதா பாதியில் நின்றது. அது சட்டமாக நிறைவேறியது 1947 இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான்.

ஔவை இல்லம்

தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியர் சிலர் 1930 இல் இவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. ஆகவே தம் வீட்டிலேயே தங்க வைத்தார். இதுவே ஔவை இல்லத்தின் தொடக்கம். சாதி, குலம் கேட்காமல் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடமளித்த இவ்வில்லம் பின்னர் அடையாறுக்கு மாற்றப்பட்டது. காலப்போக்கில் பள்ளிகளும் உருவாயின.

புற்றுநோய் நிலையம்

1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை முத்துலட்சுமி முன்வைத்தார். புற்றுநோய் வந்தால் மரணம் உறுதி, அதற்குப் பணம் செலவிடுவது வீண் என்பது அக்காலத்தில் ஆட்சியாளர் சிலரிடமும் இருந்த எண்ணம். காசநோய், அம்மை, மலேரியா போன்றவை இலட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்த சூழலில் அரசின் முன்னுரிமை வேறாக இருந்ததில் வியப்பில்லை. பம்பாயில் டாட்டா அறக்கட்டளையினர் 1941 இல் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தனர். அதுவும் குடும்பத்தில் நேர்ந்த ஒரு மரணத்தின் விளைவே. தோராப்சி டாட்டாவின் மனைவி மெகர்பாய் 1931 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தார். அடையாறில் அத்தகைய பெருஞ்செல்வம் பின்னணியில் இல்லை.

ஆகவே முத்துலட்சுமி மாதர் சங்கத்தை நாடினார். 1949 இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. நன்கொடை திரட்டும் பணியில் சங்கத்தின் பெண்களும் பொதுமக்களும் ஈடுபட்டனர். நிலையத்தின் ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் இன்றும் அடைப்புக்குறிக்குள் காணப்படும் மூன்று எழுத்துகள் இச்சங்கத்தின் பெயரையே குறிக்கின்றன. இளைய மகன் கிருட்டிணமூர்த்தி அமெரிக்கா சென்று புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். நிதி தாயிடமும் மருத்துவம் மகனிடமும் என்று பணி பிரிந்தது.

1952 அக்டோபர் 10 அன்று பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அப்போது இருந்தவை 12 படுக்கைகள், மிகச் சில கருவிகள், ஓரிரு மருத்துவர்கள். 1955 இல் இளம் மருத்துவர் வி. சாந்தா, கிடைத்திருந்த அரசுப் பணியை விடுத்து இங்குச் சேர்ந்து, முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றி உழைத்தார்.

1957 இல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்மருத்துவக் கருவி நன்கொடையாக வந்தது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் கருவி இது. கோபால்ட்-60 என்பது அணு உலையில் உண்டாக்கப்படும் கதிரியக்க ஓரிடத்தான். அது வெளியிடும் காமாக் கதிர்கள் பழைய எக்சு கதிர்க் கருவிகளைவிட ஆழமாக ஊடுருவும்; தோலுக்கு நேரும் பாதிப்பும் குறைவு. கருப்பைவாய்ப் புற்றும் வாய்ப் புற்றும் அன்று தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்பட்டதால் இக்கருவியின் பயன் உடனடியாகத் தெரிந்தது. இதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே மூலத்தை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். கனடாவில் இத்தகைய சிகிச்சை முதன்முதலாக அளிக்கப்பட்டது 1951 இல்தான். அதற்கு ஆறே ஆண்டுகளில், நன்கொடையால் நடந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு அது வந்து சேர்ந்தது.

பணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது நிலையத்தின் தொடக்கக் கொள்கை. வசதி உள்ளவரிடம் பெறும் கட்டணமும் நன்கொடையும் அரசு மானியமும் சேர்ந்து, ஏழைகளின் இலவசச் சிகிச்சையைத் தாங்கின.

இறுதிக் காலம்

1964 இல் தம் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கு முன் 1930 இல் சட்டமன்ற அனுபவங்களைப் பற்றிய நூலும், மாதர் சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியப் பணியும் அவருடைய எழுத்துப் பணிகளுள் அடங்கும். தமிழிசை இயக்கத்தையும் ஆதரித்தார். 1968 சூலை 22 அன்று, தமது 81 ஆம் அகவையில், சென்னையில் காலமானார்.

பின்னைய வளர்ச்சி

நிலையம் 1975 இல் வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகரிக்கப்பட்டது. 1984 இல் புற்றுநோயியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 1981 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு இங்கு அமைந்தது. இப்பதிவேட்டில் நோயாளி எங்கே சிகிச்சை பெற்றார் என்பதைவிட எங்கே வசிக்கிறார் என்பதே முதன்மையானது. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால்தான் நோயின் வீதத்தைக் கணிக்க முடியும். இதனால் அன்றைய மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த அம்பத்தூர், ஆவடி, வேப்பம்பட்டு போன்ற மேற்குப் பகுதிகளின் மக்கள் அடையாறுக்கு வந்து சிகிச்சை பெற்றாலும் சென்னையின் கணக்கில் சேரவில்லை. மாநிலம் முழுவதையும் உள்ளடக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை நிலையமும் தமிழ்நாடு அரசும் இணைந்து 2012 இல் தொடங்கின.

கிருட்டிணமூர்த்தி 2010 இலும், அவருக்குப் பின் நிலையத்துக்குத் தலைமையேற்ற சாந்தா 2021 சனவரி 19 அன்றும் காலமாயினர்.

நினைவு

முத்துலட்சுமியின் பிறந்த நாளான சூலை 30 தமிழ்நாட்டில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2019 இல் அவரது 133 ஆவது பிறந்த நாளன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் சிறப்பு ஓவியம் வெளியிட்டது. ஏழைக் கருவுற்ற பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2018 இல் இவ்வுதவித்தொகை 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.