சிறைக்கு வெளியே ஒரு நண்பர்

காலை ஷிப்டுக்கு ஒரகடம் நோக்கி விரையும் கம்பெனி பஸ்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்த அண்ணன்மார் பலர் அவற்றில் இருப்பர். வேலையில் சேரும்போது அவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வயது நிரம்பாதவராயின் காப்பாளரும் கையெழுத்திட வேண்டும். தாய் தந்தையற்ற ஒரு பையனுக்கு, அதிலும் சிறைவாசம் கண்டு திரும்பிய பையனுக்கு, யார் கையெழுத்திடுவார்? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் புனித தொன் போஸ்கோ.

வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில், 1815 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஏழை உழவர் குடும்பத்தில் ஜான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்தார். தாய் மார்கரீத்தா எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் பிள்ளை வளர்க்க அறிந்தவர். கழைக்கூத்தாடிகளைப் பார்த்துக் கயிற்றின்மேல் நடக்கக் கற்ற சிறுவன், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வித்தை காட்டி, முடிவில் செபமும் சொல்ல வைப்பானாம். படிக்கக் காசில்லாமல் தையற்கடை, கொல்லன் பட்டறை, காப்பிக் கடை என்று பல இடங்களில் உழைத்தார். பிற்காலத்தில் அந்தக் கைத்தொழில்கள் எல்லாம் அவருக்குப் பயன்பட்டன.

1841 ஜூன் 5-ஆம் நாள் குருப்பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகத் தூரின் நகரம் சென்றார். அங்கே அவருடைய வழிகாட்டியான கபாசோ அடிகளார் அவரைச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், உடல் வலிவும் அறிவும் உள்ளவர்கள், பூச்சிக் கடியிலும் பசியிலும் சோம்பிக் கிடந்தனர். அவரை உலுக்கியது அது மட்டுமன்று. நல்ல பிள்ளையாக வாழ்வேன் என்று உறுதி சொல்லி விடுதலையானவன் சில நாட்களில் மீண்டும் அதே அறையில் இருந்தான். வெளியே அவனுக்கு யாருமில்லை என்பதே காரணம் என்று இளங்குரு கண்டுகொண்டார். வெளியே ஒரு நண்பர் காத்திருந்தால் இவன் திரும்பி வருவானா என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அக்காலத் தூரினை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வட மாநிலங்களிலிருந்து நம் பகுதிக்குக் கட்டட வேலைக்கு வரும் இளைஞர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கொத்து வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் வந்து குவிந்தனர். 1841 டிசம்பர் 8-ஆம் நாள் அப்படிப்பட்ட ஓர் அனாதைக் கொத்துப் பையன் குளிருக்கு ஒதுங்கி ஆலயத்தின் உள்ளறைக்குள் வந்தான். பூசைக்கு உதவத் தெரியாது என்றதும் கோவிற்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். உனக்குச் சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அடுத்த ஞாயிறு அவன் நண்பர்களையும் அழைத்து வந்தான். 'ஒரத்தோரி' என்னும் ஞாயிறு மன்றம் இப்படித்தான் தொடங்கியது.

கூச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் அவர்களை இடத்துக்கு இடம் துரத்தினர். குருவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றுகூடச் சிலர் பேசினர். 1846 உயிர்ப்புத் திருநாளன்று பினார்தி என்பவரின் கொட்டகை கிடைத்தது. ஆனால் எல்லாம் உடனே இனிதாகிவிடவில்லை. வைக்கோற்பரணில் படுக்க இடம் தந்த பையன்கள், விடியுமுன் கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள்! தம் மகனுக்குத் துணையாக அங்கே குடிவந்திருந்த மார்கரீத்தா அம்மாளோ, 1847-இல் மழையில் நனைந்து வந்த அடுத்த அனாதைக்குச் சமையலறையிலேயே படுக்கை விரித்தார். இந்தத் தாய் இல்லையேல் தொன் போஸ்கோவின் இல்லமே இல்லை என்பது என் எண்ணம்.

படுக்கையும் உணவும் மட்டும் போதா, தொழில் வேண்டும். ஆகவே தொன் போஸ்கோ பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். 1852 பிப்ரவரி 8-ஆம் நாள், யோசேப் ஒதாஸ்ஸோ என்னும் பையனைத் தச்சரிடம் சேர்க்க எழுதிய ஒப்பந்தம் இன்றும் உள்ளது. தச்சர், பையன், தந்தை ஆகியோருடன் தொன் போஸ்கோவும் அதில் ஒப்பமிட்டார். தச்சர் இரண்டாண்டில் தொழிலைக் கற்றுத் தர வேண்டும். தவறினால் சொல்லால் திருத்தலாம். கை நீட்டக் கூடாது. வலிவுக்கு மீறிய வேலையோ, தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலையோ தரலாகாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. கூலி படிப்படியாக உயர வேண்டும். பையனின் நன்னடத்தையைத் தொன் போஸ்கோ கவனித்துக்கொள்வார். தொழிற்சங்கமோ தொழிலாளர் சட்டமோ துணையில்லாத அந்நாளில், ஒரு தச்சர் இத்தனைக்கும் இசைந்தாரே, அவரையும் நாம் மெச்ச வேண்டும்.

1853 முதல் இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல், பின்னர் நூற்கட்டு, தச்சு, அச்சு, இரும்பு வேலைப் பட்டறைகள் எழுந்தன.

'ஜெனராலா' என்ற சிறுவர் சிறையைப் பற்றிச் சலேசியர் நூல்கள் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1855-இல், அங்கிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சிறுவர்களைக் காவலர் ஒருவருமின்றி ஒருநாள் உலாவுக்கு அழைத்துச்செல்ல அவர் அனுமதி கேட்டார். அமைச்சர் ரத்தாட்சி தயங்கித்தான் இசைந்தார். மாலையில் கணக்கெடுத்தபோது ஒருவன்கூடக் குறையவில்லை. களைத்துப்போன குருவை, உணவு சுமந்து வந்த கழுதையின் முதுகில் ஏற்றி அழைத்து வந்தார்களாம்!

1859-இல் சலேசிய சபையை நிறுவினார். பெண் பிள்ளைகளுக்காக 1872-இல் மரிய மசரெல்லோவுடன் கன்னியர் சபையையும் தோற்றுவித்தார். 1888 ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1934-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1887-இல், நமக்கு அருகிலுள்ள செங்கல்பட்டில் குற்றம் செய்த சிறுவருக்கான சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1906 ஜனவரியில் முதல் சலேசியர்கள் தஞ்சாவூர் வந்து அனாதைப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டனர். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறுவயதுக் குற்றத்தால் ஒருவருக்குப் பொதுவாகத் தகுதியிழப்பு நேரலாகாது என்கிறது. இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்குப் பின்காப்பும் வழங்குகிறது. எனினும் ஒப்பந்தத் தாளில் காப்பாளர் கையெழுத்திடும் இடம் சில பிள்ளைகளுக்கு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.