வீரமாமுனிவரும் விந்தைக் கதைகளும்

பிள்ளைகள் கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால் பிடுங்கி வைத்துவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. வேதாளம், மந்திரக் கம்பளம், பேசும் நரி எல்லாம் பொய்தானே, பொய்யைப் படித்து என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அடைக்கல மாதாவுக்கு ஏலாக்குறிச்சியில் கோவில் கண்ட மகானே நடவாத கதை எழுதியவர் என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

கொன்ஸ்தான்சு ஜோசப் பெஸ்கி 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இத்தாலி தேசத்தில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது. நம் கன்னிவாடி அப்பொழுது மதுரை நாயக்கருக்கு அடங்கிய பாளையங்களுள் ஒன்று. அந்த வயதில் அரிச்சுவடி தொடங்கியவர், 1726-ல் அர்ச். சூசையப்பர் பேரில் 3615 பாடல்களில் தேம்பாவணியை முடித்தார் என்றால் அவர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். 1732-ல் சதுரகராதி செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். தைரியநாதர் என்ற பெயர் பின்னர் வீரமாமுனிவர் என்றாயிற்று.

ஐரோப்பாவிலிருந்து புதிதாய் வரும் குருக்கள் பேச்சுத் தமிழ் பழக வேண்டுமென்று அவர் எழுதியதே பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர், அவர்களுக்கேற்ற குரு. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். சீறிப் புகைகிறது, ஐயையோ, விழித்திருக்கிறது! பிறகு அவிந்த கட்டையை வைத்துப் பார்த்து, தூங்குகிறது என்று கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஆள் ஒன்று குறைகிறது. எண்ணுகிறவன் தன்னைச் சேர்ப்பதில்லை. இதே வேடிக்கையை இங்கிலாந்தில் கோத்தம் என்ற ஊராரைப் பற்றியும் சொல்வார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிய சங்கதியைச் சிறுவர் தாமே படித்துச் சிரிக்கட்டும்.

இது பிற மதத்துச் சாமியார்களைப் பரிகசிக்க எழுந்தது என்று குறை கூறுவோர் உண்டு. நமக்கு அது முழுதும் பொருந்தவில்லை. முனிவர் தாமே காவியுடை தரித்து, சீடர் சூழ, தமிழ்நாட்டுக் குருவாகவே வாழ்ந்தவர் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். குருவின் ஆசனத்தில் இருந்த ஒருவரே குருவைப் பார்த்து நகைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பு முதலில் தம்மைப் போன்றோரையே தொடுமென்று அறியாதவரா அவர்?

விந்தைக் கதைகளெல்லாம் ஒரே ஜாதி அல்ல. மிருகங்கள் பேசுவது பஞ்சதந்திரம். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் அதைக் கொடுங்கள். வேதாளமும் சிம்மாசனத்துப் பதுமையும் வருவது விக்கிரமாதித்தன் கதை. சற்றுத் துணிந்த பிள்ளைகளுக்கு ஏற்றது, படுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். மதனகாமராஜன் கதையைப் பெரியவர்கள் முன்னதாகப் படித்துப் பார்த்துக் கொடுப்பது நலம். மடமையே ஓர் உலகமாக நிற்பது பரமார்த்த குரு. வானோரும் நரகப் பேய்களும் நடமாடும் காவிய வகைக்குத் தேம்பாவணி; கடினம்தான், தமிழாசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முனிவர் 1747-ல் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் உயிர் நீத்தார் என்பது பெரும்பாலோர் கொள்கை. பரமார்த்த குருவை 1822-ல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் லண்டன் மாநகரில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அச்சிட்டார்.