குழந்தைகளைப் படித்த டாக்டரம்மா – மரியா மாண்டிசோரி



என்ஜினியர்கள் கூடும் மலரில் எல்.கே.ஜி. சமாச்சாரம் எதுக்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு. நான் எழுதப்போகும் அம்மையாரும் முதலில் என்ஜினியராக ஆசைப்பட்டவர்தான். இன்னொன்று, அவருடைய ஆராய்ச்சியில் ஒரு முக்கியமான பகுதி நடந்த இடம் கொடைக்கானல். வெள்ளகோவிலில் காலையில் பஸ் ஏறினால் தாராபுரம், பழனி வழியாகப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இவ்வளவு பக்கத்தில் நடந்த விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது.

பொம்பளைப் பிள்ளைக்கு டெக்னிக்கல் ஸ்கூலா?

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். பிறகு குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடிபோனது. கணக்கில் கெட்டிக்காரியான மரியா 13 வயதில், பையன்கள் படிக்கிற டெக்னிக்கல் ஸ்கூலில் சேர்ந்தார். படிப்பு முடிகிற சமயத்தில் மனசு மாறி டாக்டருக்குப் படிக்கக் கிளம்பினார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. கல்லூரியிலும் சிரமம்தான். ஆண்களோடு சேர்ந்து நின்று பிணம் அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று, எல்லாரும் போன பிறகு தன்னந்தனியாக அந்த அறையில் படிக்கவேண்டி இருந்தது. 1896ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியேவிட்டார்.

அவருக்கு வாய்த்த வேலை மனநோய் மருத்துவமனையில். புத்தி வளர்ச்சி இல்லை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை அங்கே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். இதார், செகென் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் எழுதி வைத்ததைப் படித்து, கையால் தொட்டுப் பார்க்கும் சாமான்களைக் கொண்டு அந்தக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சில பேர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே மெச்சியது. அவருக்கோ வேறு கவலை. இந்தக் குழந்தைகளே இவ்வளவு தூரம் வரமுடியும் என்றால், நல்லாயிருக்கிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் எவ்வளவு பிடித்து அமுக்கி வைத்திருக்கவேண்டும்!

காண்ட்ராக்டர் தலைவலியில் பிறந்த பள்ளி

ரோமில் சான் லொரென்சோ என்று ஏழைத் தொழிலாளர் பகுதி. அங்கே ஒரு கம்பெனி பழைய கட்டடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பொடுசுகள் சுவரைக் கிறுக்கிப் பாழ் பண்ணின. மெயின்டனன்ஸ் செலவைக் குறைக்க யாராவது இவர்களைக் கட்டிமேய்த்தால் தேவலை என்று மாண்டிசோரியைக் கூப்பிட்டார்கள். 1907 ஜனவரி 6ஆம் தேதி குழந்தைகள் இல்லம் திறந்தது.

அவர் அங்கே முதலில் செய்த வேலை பாடம் நடத்துவது அல்ல, பார்ப்பது. மூன்று வயசுக் குழந்தை ஒன்று, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அந்தந்த அளவு உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் பாட்டுப் பாடச் சொன்னார். குழந்தை திரும்பவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்த மாதிரி தெம்பாக எழுந்தது. சின்னக் குழந்தைக்குக் கவனமே நிற்காது என்று உலகம் நம்பிய காலம் அது!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு அந்தக் கட்டை உடனே புரியும். நம் வொர்க்‌ஷாப்பில் கோ–நோ கோ கேஜ் இருக்கிறதே, அதே தத்துவம். தப்பாகப் போட்டால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும். டீச்சர் திட்டவேண்டாம், தப்பைச் சாமானே சொல்லிவிடும். குழந்தை தானே திருத்திக்கொள்ளும்.

ஆறு ஆறாக ஒரு கணக்கு

பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மனித வளர்ச்சி சிமெண்ட் ரோடு மாதிரி ஒரே சீராகப் போவதில்லை. பிறப்பு முதல் 6 வயது, 6–12, 12–18, 18–24 என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் மனசு வேலை செய்யும் விதமே வேறு. முதல் கட்டத்தில் குழந்தை சுற்றுப்புறத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டாவதில் ஏன், எப்படி என்று துளைக்கிறது. கூட்டுச் சேர்கிறது, நியாயம் பேசுகிறது. மூன்றாவதில் உடம்பும் மனசும் தடுமாறும். அந்த வயசில் வெறும் புத்தகப் பாடத்தைக் குறைத்து, தோட்டத்தில் வேலை செய்து, விளைந்ததை விற்றுப் பழகவிடணும் என்றார். நான்காவதில் சொந்தக் காலில் நின்று சமூகத்தில் தன் இடத்தைத் தேடணும். தம்பி தங்கைகளே, இப்போது நீங்கள் நிற்பது அந்தக் கட்டத்தில்தான்!

பேச்சைப் பற்றி அவர் கவனித்தது நம் வீட்டுக்கு வீடு நடப்பது. கைக்குழந்தை பேசுகிறவர் வாயையே பார்க்கும். பிறகு மழலை. ஒரு வயசை ஒட்டி அர்த்தத்தோடு முதல் சொல். இரண்டு வயசு வாக்கில் மடை திறந்த மாதிரி வார்த்தைகள். நம் பக்கத்துக் குழந்தையையே பாருங்களேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் தொட்டிலில் கிடந்த பிள்ளை, அப்பாரு வந்தாங்க, கன்னுக்குட்டி வந்துச்சு என்று சரியாகப் பிரித்துச் சொல்கிறது. உயர்திணை, அஃறிணை என்று வாத்தியார் பின்னால் பாடம் நடத்தும்போது, அது பிள்ளை வாயில் வந்து பல வருஷம் ஆகியிருக்கும். இந்தப் பருவம் போன பிறகு புது பாஷை படிக்க நாம் படும் பாடு நமக்கே தெரியும்.

சொந்தப் பிள்ளை

இவ்வளவு குழந்தைகளைப் பார்த்தவருக்குச் சொந்த மகனின் முதல் கட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உடன் வேலை பார்த்த டாக்டர் மூலம் 1898ல் மரியோ பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் வேலையும் மானமும் போகும் காலம். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. அம்மா அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். தன் தாயார் இறந்த பிறகு, மரியோவுக்கு 15 வயது ஆனபோதுதான் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டார். அப்போதும் ஊருக்கு உறவுக்காரப் பையன் என்றே சொல்லவேண்டி இருந்தது.

இத்தாலியில் முதலில் ஆதரவு கொடுத்த முசோலினியோடு 1934ல் முறிந்தது. 1936ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து தப்பி ஹாலந்து போனார். அப்போது வந்ததுதான் நம் நாட்டு அழைப்பு.

அடையாறும் கொடைக்கானலும்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மணிதேவியும் கூப்பிட, 1939 நவம்பரில் மகனோடு சென்னை வந்தார். வயது 69. அடையாறில் கீற்றுக் கொட்டகையில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி. அம்மா இத்தாலிய மொழியில் பேச, மரியோ இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள் ஆனார்கள். மரியோவை முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் 31ஆம் தேதி, அவருடைய 70வது பிறந்தநாளுக்கு, வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்து தந்தி அனுப்பினார். அதில் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் மூடி வைத்த உறவை ஒரு சர்க்கார் தந்தி பகிரங்கமாகச் சொன்னது!

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் ரோஸ் பேங்க் என்ற வீட்டில் இருந்தார்கள். அங்கே ஒரு சின்னப் பள்ளி. பல வயசு, பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். இலை, பூ, பூச்சி, கல் எல்லாம் பாடம். 6–12 வயசுக்கான பாடமுறை இங்கேதான் உருப்பெற்றது. அதில் மரியோவின் பங்கு பெரிது. நம் நாட்டுத் தாய்மார்கள் சந்தைக்குப் போனாலும் கைக்குழந்தையை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போவதை அம்மையார் விரும்பிப் பார்த்தார். அந்தக் குழந்தை எல்லாவற்றையும் காணும், எல்லாப் பேச்சையும் கேட்கும். முதல் மூன்று வயசின் மீது அவர் கவனம் திரும்பியது இந்தியாவில்தான். உறிஞ்சும் மனசைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1949ல் அடையாறில்தான் அச்சாயிற்று.

1946ல் ஐரோப்பா திரும்பி, 1947ல் மறுபடி இந்தியா வந்தார். 1949ல் விடைபெற்றார். 1952 மே 6ஆம் தேதி ஹாலந்தில் காலமானார். பிறகு இத்தாலி அரசு 1990ல் தன் 1000 லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. கற்பனை விளையாட்டுக்கு அவர் கொடுத்த இடம் குறைச்சல் என்று அன்றைக்கே குறை சொன்னார்கள். சுவிட்சர்லாந்தில் மாண்டிசோரி சங்கத்துக்குத் தலைவராக இருந்த ழான் பியாஜே, சிந்தனை வளரும் கட்டங்களை வேறு விதமாக வகுத்தார். அந்தக் கட்டங்களும் கத்தியால் வெட்டினாற்போல் பிரியாது, பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பது இன்றைய ஆராய்ச்சி.

ஆனால் அடிப்படை நிற்கிறது. இப்போது நம் பக்கத்தில் போர்டில் மாண்டிசோரி என்று எழுதிவிட்டு, உள்ளே இரண்டரை வயசுப் பொடுசை நாலு வரி நோட்டில் எழுதச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. எழுதலைன்னா மக்கு என்று பெற்றவர்களே முத்திரை குத்துகிறோம். டிசைன் லோடு ஏறுவதற்கு முன்னால் கான்கிரீட்டுக்கு 28 நாள் விடுகிற நாம், சொந்தப் பிள்ளைக்கு அந்த அவகாசம் தரமாட்டோமா? வீட்டுக்குப் போனதும் பத்து நிமிஷம் பிள்ளை பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்க. கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியைச் சுற்றும்போது இந்த அம்மையாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்க.